மன்னார் வளைகுடாத் தீவுகளில் சுற்றுலாத் தொழில்: நடக்கிற காரியமா?

கேட்டவர்: கீழக்கரை மைந்தன்

எல்லாருக்கும் வணக்கம். நான் கீழக்கரைக்காரன், இப்போது வேலை வளைகுடா நாட்டில். சீக்கிரமே ஊரோடு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. மச்சானும் கூட்டுக்கு வருகிறேன் என்கிறார்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகள். எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே அப்பா தீவு, தலையாரித் தீவு, வாலைத் தீவு, முள்ளித் தீவு என்று வரிசையாகக் கிடக்கின்றன. வெள்ளை மணல், பவளப்பாறை, ஆளில்லாத கரை. நம் ஆட்கள் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் கடன் வாங்கிக்கூடப் போகிறார்கள். ராமேஸ்வரம் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் கொஞ்சம் பேர் இந்தப் பக்கம் திரும்பினாலே போதுமே!

ஏதாவது ஒரு தீவில் சில குடில்கள், இரண்டு படகு, நல்ல மீன் சாப்பாடு. இதுதான் யோசனை. அனுமதி கிடைக்குமா? எந்த மாதங்களில் கடல் தோதாக இருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வைகைக்கரை வக்கீல்

குடில் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள் சகோ. அந்த 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986இலேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். 1989இல் அந்தப் பகுதி முழுக்க உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. தேசிய வன உயிரின வாரியத்தின் முன் ஒப்புதல் இல்லாமல் தேசியப் பூங்காவுக்குள் வணிக விடுதி கட்ட வன உயிரினச் சட்டத்தில் இடமில்லை. அனுமதி இல்லாமல் தீவில் இறங்கினாலே வழக்குதான். "ஆளைப் பிடித்துச் செய்து தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள்.

பதில்: சின்னப்பாலத்துப் பொண்ணு

தம்பி, வக்கீல் சொன்னது சட்டம். நான் கடல் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கு ஊர் பாம்பனுக்குத் தெற்கே. அம்மா கடல்பாசி எடுக்கிறவர். நான் சுற்றுலா வருகிறவர்களோடு வழிகாட்டியாகப் படகில் போகிறேன்.

முதலில் காற்று. எங்களுக்கு இரண்டு கடல்: தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். வடக்கே பாக் விரிகுடா, அது வடகடல். வைகாசி, ஆனி தொடங்கித் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை வந்தால் அப்படியே தலைகீழ். இங்கே நாட்டுப்படகுக்காரர்கள் பருவம் பார்த்துப் படகை இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு மாற்றிக் கட்டுவது இதனால்தான். நீங்கள் ஆசைப்படுகிற தீவுகள் எல்லாம் தென்கடலில். மழையும் புயலும் ஓய்ந்த பிறகு, தை முதல் பங்குனி வரைதான் தண்ணீர் தெளிந்து பவளப்பாறை கண்ணுக்குத் தெரியும். கச்சான் மாதங்களில் சேறு கலங்கி ஒரு முழம் ஆழம்கூடத் தெரியாது. படகே பல நாள் ஓடாது. வருஷத்தில் மூன்று நாலு மாத வருமானத்தை நம்பி முதல் போட முடியுமா என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

அப்புறம் தீவு. கரையிலிருந்து பார்க்கப் பச்சையாக, பெரிதாகத் தெரியும். உள்ளபடிக்கு அவை பவளப்பாறைக்குப் பின்னால் ஒதுங்கிய மணலும் பவளத்தூளும்தான். இருப்பதிலேயே பெரிய முயல் தீவு 129 ஹெக்டேர். மற்றவை அதைவிடச் சின்னவை, சில ஒரு நடையில் சுற்றி வந்துவிடலாம். கடல் மட்டத்திலிருந்து பெரிய உயரம் கிடையாது, பெரும்பாலானவற்றில் குடிதண்ணீரும் கிடையாது. குடில் போட்டால் குளிக்க, சமைக்க, கழிவறைக்கு எல்லாம் தண்ணீரைப் படகில்தான் ஏற்ற வேண்டும். கழிவு எங்கே போகும்? மணலில் இறங்கி நேரே பாறைக்குத்தான். அந்தப் பாறைதான் அலையைத் தடுத்துத் தீவைப் பிடித்து வைத்திருக்கிறது. பாறை செத்தால் தீவு நிற்காது.

இன்னொன்று. ஆட்கள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள், படகுக்காரரும் ஆழம் குறைந்த இடத்தில் நங்கூரம் போடுவார். மான்கொம்புப் பவளத்தின் மேல் நங்கூரம் விழுந்து பார்த்திருக்கிறீர்களா? தண்ணீருக்குள் தலை இருந்தால் உடைகிற சத்தமே கேட்கும். கொம்பு கொம்பாக முறிந்து வெள்ளை உள்பக்கம் தெரியும், அதற்குள் ஒளிந்திருந்த குட்டி மீன்கள் எங்கே போவது என்று தெரியாமல் அதே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கும். மான்கொம்பாவது கொஞ்சம் வேகமாக வளரும். மூளைபோல உருண்டு கிடக்கும் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. நான் கூட்டிப் போகிறவர்களிடம் முதலில் சொல்வது, காலை ஊன்றாதீர்கள், மிதந்து பாருங்கள் என்பதுதான். நீந்தத் தெரியாதவர்களுக்கு அடியில் கண்ணாடி பதித்த படகே போதும். கிளிமீன் பாறையைக் கொறிப்பதைக் குனிந்து பார்த்த குழந்தைகள் எழுந்திருக்கவே மாட்டேன் என்பார்கள்.

அம்மா தொழிலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தீவு என்றாலே ஆளில்லாத இடம் என்று நினைத்து வருகிறார்கள். எங்கள் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று வகை வகையாக உண்டு. பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலுக்குத் தகடு கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூச்சுப் பிடித்து முங்குவார்கள். அம்மாவின் விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்துவிட்டது. மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது என்று பெண்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்தார்கள், பாசி திரும்ப வளரட்டும் என்று. அப்படிப்பட்டவர்களைத் தீவுப் பக்கம் வரக்கூடாது என்று விரட்டிய காலமும் உண்டு, எடுத்த பாசியைப் பிடுங்கியதும் உண்டு. நாளைக்கு அதே கரையில் சுற்றுலாக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எங்கள் வயிறு எரியாதா? எனக்குச் சுற்றுலா வேண்டாம் என்றில்லை, என் சோறும் அதில்தான். ஆனால் பணம் கரையில் இருக்கிற ஊருக்கு வர வேண்டும், தீவு தீவாகவே இருக்க வேண்டும்.

பதில்: முத்துநகர் மீனவன்

அக்கா சொன்னதற்குத் தூத்துக்குடியே சாட்சி. எங்கள் பக்கம் பல வருஷம் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் பவளக்கல்லைப் படகு படகாக வெட்டி எடுத்தார்கள். பாறை போன பிறகு அலை நேராகத் தீவில் அடித்தது. விலாங்குச்சல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவும் அப்படித்தான். 21 என்று சொல்கிறோமே தவிர, மேலே தெரிவது 19தான். வான் தீவு 1986இல் சுமார் 16 ஹெக்டேர், 2014 வாக்கில் 2 ஹெக்டேர் அளவுக்குக் கரைந்துவிட்டது. அப்புறம்தான் சிமெண்டில் செயற்கைப் பாறை செய்து கடலில் இறக்கினார்கள், அதனால் இன்றைக்கும் நிற்கிறது. சின்ன வயசில் நாங்கள் வலை உலர்த்திய மணல் இன்று கடலுக்குள் இருக்கிறது தம்பி.

2010இலும் 2016இலும் தண்ணீர் சூடாகிப் பவளம் வெளுத்ததையும் பார்த்தோம். வெயில் காலத்தில் பாறை எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக நிற்கும். சில இடம் தேறும், சில இடம் பாசி மூடிச் செத்துவிடும். சித்திரை, வைகாசியில் அதன் மேல் ஆட்களைக் கொண்டுபோய் விடுவது பாவம்.

கேட்டவர்: கீழக்கரை மைந்தன்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நினைக்கவில்லை. அக்கா, குடில் வேண்டாம், சரி. கண்ணாடிப் படகு மட்டும் வாங்கி ஓட்டினால்? அதுவும் முடியாதென்றால் என் பணத்தை எதில் போடுவது?

பதில்: சின்னப்பாலத்துப் பொண்ணு

படகு இப்போதைக்கு வேண்டாம். பூங்கா எல்லைக்குள் தனியார் நினைத்தபடி ஆள் ஏற்றி ஓட்ட முடியாது. பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுப் பக்கம் போகிற படகுச் சவாரி, ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன்வலசை, வடகடலில் தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காடு என்று வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் இடங்கள் இருக்கின்றன. காரங்காட்டுக்கு அவசியம் ஒருமுறை போய்ப் பாருங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், துடுப்புப் படகும் உண்டு. ஊரே சேர்ந்து செய்வதால் காசு ஊருக்குள் சுற்றுகிறது.

இங்கே உண்மையில் இல்லாதது தங்குமிடம். வருகிறவர்கள் ராமேஸ்வரத்தில் கோயில் பார்த்து, தனுஷ்கோடிக்கு ஒரு ஓட்டம் ஓடி, பாம்பன் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு ராத்திரியே ரயில் ஏறிவிடுகிறார்கள். ஒரு ராத்திரி தங்கினால்தானே காலையில் கடலுக்குக் கூட்டிப்போக முடியும்? காற்று எழும்புவதற்குள் விடியற்காலையில்தான் தண்ணீர் அசையாமல் இருக்கும், பாறையும் அப்போதுதான் நன்றாகத் தெரியும். ராமேஸ்வரத்தில் காலை ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி வருகிறவர்களுக்குப் பாதி கடல் போய்விடும்.

உங்கள் ஊரில் முற்றமும் தூணுமாகப் பழைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அதில் ஒன்றைச் சரிசெய்து நாலு குடும்பம் தங்குகிற மாதிரி ஆக்குங்கள். கீழக்கரையே பார்க்க வேண்டிய ஊர். வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊர், கல் தூணில் பூவேலை செய்த பழைய ஜும்மா பள்ளிவாசல் இருக்கிறது. ஏர்வாடி தர்கா பக்கம், தேவிபட்டினம் நவபாஷாணம் கொஞ்சத் தொலைவு, ராமநாதபுரத்தில் சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் அரண்மனை. கச்சான் அடிக்கிற மாதங்களில் தென்கடல் கலங்கினாலும் இவற்றையும் வடகடல் பக்கத்தையும் காட்டி வீட்டை மூடாமல் நடத்தலாம். வருஷம் முழுக்கத் தொழில் வேண்டுமென்றால் இரண்டு கடலையும் கணக்கில் எடுத்தால்தான் முடியும்.

சமையலுக்கு ஊர்ப் பெண்களை வையுங்கள், மீனைக் கரைவலைக்காரரிடமும் நாட்டுப்படகுக்காரரிடமும் நேரே வாங்குங்கள். உங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேருக்கு நீச்சலும் உயிர்காப்பும் பவளம் பற்றிச் சொல்லவும் பயிற்சி கொடுக்கச் செலவு செய்யுங்கள். நல்ல வழிகாட்டி இல்லாததால்தான் பாதிப் பேர் "தண்ணிதானே இருக்கு" என்று திரும்பிப் போகிறார்கள். முந்நூறு பேரை ஏற்றி இறக்குவதைவிட முப்பது பேருக்கு ஒழுங்காகக் காட்டி, அதற்குரிய காசை வாங்குவது நல்லது.

பதில்: மேற்குத்தொடர்ச்சி

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். தை மாதம் ஏழு வயசுப் பெண்ணோடும் வயசான அம்மாவோடும் வரலாம் என்று இருக்கிறோம். கடல் பசு பார்க்க முடியுமா?

பதில்: சின்னப்பாலத்துப் பொண்ணு

கடல் பசுவை, நாங்கள் ஆவுளியா என்போம், நம்பி வராதீர்கள். கடற்புல் மேய்கிற கூச்ச சுபாவம் உள்ள உயிர், எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. 2022இல் பாக் விரிகுடாவில் அதற்கென்று 448 சதுர கிலோமீட்டரில் தனிக் காப்பகம் அறிவித்திருக்கிறார்கள். காட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் அந்தப் படகில் ஏறாதீர்கள், துரத்தித்தான் காட்டுவார்கள்.

பாப்பாவுக்குக் கண்ணாடிப் படகு ரொம்பப் பிடிக்கும். அம்மாவுக்கு மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம் இருக்கிறது, ஆடாமல் உட்கார்ந்து பார்க்கலாம். படகு என்றால் அளவுக்குச் சரியான உயிர்காப்புச் சட்டை குழந்தைக்கு இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். பெரியவர்களுக்கான சட்டையையே இறுக்கிக் கட்டிச் சமாளிக்கலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காற்று இருந்தால் அன்றைக்குப் படகு கிடையாது என்று சொல்வார்கள், அதற்காக ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு வாருங்கள்.