மேலத்தெரு பங்காளிகள் 🙏

ரவி அண்ணன்: பாலு பாடி எப்ப வரும்? பந்தல்காரன் கேக்குறான்

முருகேசன் சித்தப்பா: இன்னைக்கு வராது. போலீஸ்ல 194-ல பதிஞ்சிருக்காங்க, தற்கொலை மாதிரி சாவை விசாரிக்கிற பிரிவு, பழைய சட்டத்துல 174. அக்கம்பக்கத்துப் பெரியவங்க ரெண்டு பேராவது இருந்து பிரேத விசாரணை எழுதணும். அப்புறம்தான் போஸ்ட்மார்ட்டம். பொழுது சாஞ்சும் பண்ணலாம்னு 2021-ல மத்திய அரசு சொல்லுச்சு, ஆனா இந்த மாதிரி சாவுக்கு இல்ல. சட்டம் ஒழுங்கு கெடும்னா மட்டும் விலக்கு

வசந்தா பெரியம்மா: எப்படிப்பா செஞ்சுக்கிட்டான்

செல்வி அத்தை: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரேவதி: அத்தை, மல்லிகா அண்ணியும் இந்த குரூப்லதான் இருக்காங்க

செல்வி அத்தை: ஊரே பேசுது, நான் பேசினாதான் தப்பு

ரேவதி: எப்படின்னும் எழுதாதீங்க பெரியம்மா. பசங்க படிக்கிறாங்க. பத்திரிகைக்கே பிரஸ் கவுன்சில் 2019-ல அதைத்தான் சொல்லிருக்கு

கார்த்தி: போஸ்டர்ல என்ன போட? 'அகால மரணம்'?

ரவி அண்ணன்: மாரடைப்புன்னு போடு

முருகேசன் சித்தப்பா: போஸ்டர்ல என்னமோ போடுங்க. எல்ஐசி ஃபாரத்துல மாரடைப்புன்னு எழுதிடாதீங்க, பிஎம் ரிப்போர்ட்ல வேற இருக்கும், க்ளெய்ம் அங்கயே நிக்கும். இப்படிப் போனா பணம் வராதுன்னு விட்டுடுறாங்க, அது தப்பு. பாலிசி போட்டு 12 மாசம் தாண்டிட்டா முழுசா வரும். அதுக்குள்ளன்னா கட்டுன பிரீமியத்துல 80%. நடுவுல விட்டுப் புதுப்பிச்சிருந்தா அந்தத் தேதியிலேருந்து எண்ணணும். மல்லிகா பாண்டைத் தேடி வைக்கட்டும்

வசந்தா பெரியம்மா: துர்மரணம். வீட்டுக்குள்ள எடுக்கக் கூடாது, பதினாறாம் நாளும் கிடையாதுன்னு எங்க மாமியார் சொல்வாங்க

ரவி அண்ணன்: உங்க மாமியாரா? வரப்புத் தகராறுல எங்கப்பாவுக்கு நெய்ப்பந்தம் பிடிக்கவே பேரனை அனுப்பாதவங்க

கார்த்தி: அண்ணே இப்ப வேணாம்

செல்வி அத்தை: பொழைச்சிருந்தாலும் ஜெயில்தானே

முருகேசன் சித்தப்பா: யார் சொன்னா? 2017 மனநலச் சட்டம் 115: கடும் மன அழுத்தத்துல செஞ்சதாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது. தற்கொலை முயற்சிக்குத் தண்டனை குடுத்த பழைய 309-ம் 2024 ஜூலை 1-லேருந்து போச்சு. அரசு ஊழியரைப் பணிய வைக்கன்னு தற்கொலைக்கு முயற்சி பண்ணினா மட்டும் புதுச் சட்டத்துல 226. கேஸாகும்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்காம வீட்டுல வெச்சுப் பாக்குறாங்க பாரு, அதுலதான் நேரம் போகுது

ரேவதி: 14416, டெலி மானஸ், அரசோட மனநல உதவி நம்பர். ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். நம்பரைச் சேமிச்சு வைங்க. அண்ணிகிட்ட 'உனக்குத் தெரியாமலா'ன்னு யாரும் கேக்காதீங்க. கஞ்சி குடிச்சாங்களான்னு பாருங்க

வசந்தா பெரியம்மா: நான் கொண்டு போறேன். பதினாறுக்கு ஐயரைக் கேட்டுட்டு சொல்லுங்க

கார்த்தி: அப்ப 'அகால மரணம்'?

ரவி அண்ணன்: சேர் 50-ஆ 100-ஆ? திருவிழா பாக்கி 2,300 குடுத்தாதான் பந்தல் போடுவானாம்