நாஸ் பெட்டி எழுந்திருக்கவில்லையா? முதலில் எந்த டிஸ்க்கில் புது டேட்டா இருக்கிறது என்று பாருங்கள்

திருநகர்வாசி:

மேலூரில் சித்தப்பா நடத்தும் போட்டோ ஸ்டுடியோவில் இரண்டு ஹார்டு டிஸ்க் போட்ட ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பெட்டி) இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா என்று சுற்றுவட்டாரத்தில் எடுத்த எல்லாமே அதற்குள்தான். இரண்டும் 4 டிபி, ரெய்டு 1, அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து சாயங்காலம் கரண்ட் வந்ததும் பெட்டியைப் போட்டிருக்கிறார், நீல விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, நெட்வொர்க்கில் ஆளைக் காணோம். "ஏப்பா, உள்ள இருக்கிறதெல்லாம் இருக்கும்ல?" என்று போனில் கேட்டார். இருக்கும் சித்தப்பா, ஆனா நான் வர்ற வரைக்கும் அதை ஆஃப் பண்ணி வைங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதலில் அடாப்டர். 12 வோல்ட், 5 ஆம்பியர் என்று ஸ்டிக்கரில் போட்டிருந்தது. மல்டிமீட்டரை வெறுமனே வைத்தால் 12.1 காட்டியது, இதைப் பார்த்துத்தான் பலர் அடாப்டர் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். லோடு கொடுத்துப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். பக்கத்து பைக் மெக்கானிக்கிடம் 12 வோல்ட் 35 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று வாங்கி மாட்டினோம், பல்பு மஞ்சளாக அழுது வடிந்தது, மீட்டர் 9-க்குக் கீழே இறங்கிவிட்டது. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் வரை இழுக்கும், வயதான அடாப்டரால் அதைத் தர முடியாது. பெட்டி எழுந்திருக்கப் பார்க்கும், விழும், மறுபடி எழுந்திருக்கப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் அடி வாங்குவது டிஸ்க்தான்.

சரி, வேறு அடாப்டர் மாட்டியதும் பெட்டி எழுந்தது. ஆனால் பக்கத்தைத் திறந்தால், சிஸ்டத்தைப் புதிதாக நிறுவ வேண்டும், டிஸ்க்கில் உள்ளவை அழிக்கப்படும் என்று ஒரு அறிவிப்பு, கீழே "அடுத்து" என்ற பட்டன். டவுன்ஹால் ரோட்டில் விசாரித்த ஒரு கடையிலும் இதையே சொன்னார்கள்: ஃபார்மட் பண்ணிட்டு சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக்கலாம் சார். இது எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை உள்ளே ஓட்டுவது லினக்ஸ். ரெய்டு என்பதும் லினக்ஸின் எம்டி என்ற சாதாரண மென்பொருள் ரெய்டுதான், அதன் மேல் இஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். பெட்டியே இல்லாமல் எந்த டெஸ்க்டாப்பிலும் இதைப் படிக்கலாம். அப்படி இருக்கும்போது எதற்கு ஃபார்மட்?

கழற்றுவதற்கு முன்னால் எது எந்த ஸ்லாட் என்று டிஸ்க் மேலேயே மார்க்கரில் எழுதிக்கொண்டேன். விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டவே இல்லை, அதற்கு இந்த ஃபார்மட் புரியாது, உடனே ஃபார்மட் பண்ணவா என்று கேட்கலாம், யாராவது அவசரத்தில் சரி என்று அழுத்திவிடுவார்கள். உபுண்டுவை பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் டிரை என்பதில் ஓட்டி, ரெய்டைப் படிக்க எம்டிஏடிஎம், அதன் மேல் பிரித்த வால்யூம்களைப் படிக்க எல்விஎம்2 என்ற கருவிகள் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். பார்ட்டிஷன்களைப் பட்டியலிட்டால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் முன்னால் இரண்டு சின்னது, பின்னால் ஒரு பெரியது. சின்னது இரண்டும் பெட்டியின் சிஸ்டமும், மெமரி போதாதபோது பயன்படும் ஸ்வாப்பும். பெரியதில்தான் நம் சரக்கு.

இனிமேல்தான் முக்கியமான இடம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் நான் பார்ப்பது 5, 197, 198 என்ற வரிகள்: மாற்றப்பட்ட செக்டர் (டிஸ்க்கின் சின்னத் துண்டு), படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர், சரிசெய்ய முடியாத செக்டர். முதல் டிஸ்க்கில் மூன்றும் பூஜ்ஜியம். இரண்டாவதில் 197 ஏறியிருந்தது. யாராக இருந்தாலும் என்ன செய்வோம், நல்ல டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கெட்டதை ஓரமாக வைப்போம். அதற்கு முன்னால் எம்டிஏடிஎம்மில் எக்ஸாமின் போட்டுப் பாருங்கள் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அதில் ஈவென்ட்ஸ் என்று, ரெய்டில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் ஒரு எண்ணும், கடைசியாக எழுதிய நேரமும் வரும். அந்த "நல்ல" டிஸ்க்கில் கடைசியாக எழுதியது தை மாதத்தோடு நின்றிருந்தது! கெட்ட டிஸ்க்கில் மின்தடைக்கு முந்தைய இரவு வரை இருந்தது. அடாப்டர் தள்ளாட ஆரம்பித்த காலத்திலேயே முதல் டிஸ்க் ரெய்டிலிருந்து கழன்று விழுந்திருக்கிறது, எச்சரிக்கை மெயில் யாரும் திறக்காத ஒரு பழைய ஐடிக்குப் போய்க்கொண்டிருந்தது, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் மொத்தமும் ஒற்றை டிஸ்க்கில் மட்டும். நல்லதை நம்பி மற்றதை அழித்திருந்தால் அத்தனை வீட்டுக் கல்யாணமும் போயிருக்கும்.

அதனால் கெட்டதை நேரடியாகத் திறக்காமல் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ மூலம் புது 4 டிபி டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தோம். இது முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய் நல்ல பகுதியை முதலில் அள்ளிக்கொள்ளும், விட்ட இடங்களை மேப் ஃபைலில் குறித்து வைக்கும், அப்புறம் அங்கே மட்டும் திரும்பி வந்து முயலும். நடுவில் கரண்ட் போனாலும் மேப் ஃபைலை எங்காவது சேமித்து வைத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் (பென் டிரைவ் உபுண்டுவின் ஹோமில் வைத்தால் அணைத்ததும் போய்விடும், வேறு டிரைவில் வையுங்கள்). சாட்டா கேபிளில் நேராக மாட்டினால் 4 டிபி-க்கு ஏழெட்டு மணி நேரம், யுஎஸ்பி 2 வழியாக என்றால் ஒரு நாளுக்கும் மேல்.

படிக்க முடியாமல் போன துண்டுகள் எந்த வீடியோவில் விழுந்தன என்று தெரிய வேண்டுமே? டிடிரெஸ்க்யூவில் ஃபில் மோடு என்று ஒன்று உண்டு. பிரதியில் அந்த ஓட்டைகளை நாம் கொடுக்கும் ஒரு குறிச்சொல்லால் நிரப்பிவிடும். அப்புறம் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பிரதியை ரீட்ஒன்லியாக, ரன் கொடுத்து எழுப்பி (ஒற்றை டிஸ்க் என்பதால் ரன் கொடுக்காவிட்டால் ரெய்டு செயலற்று நிற்கலாம்), மவுன்ட் செய்து (அதாவது ஃபைல்கள் தெரியும்படி திறந்து), அந்தக் குறிச்சொல்லைத் தேடினால் அடிபட்ட ஃபைல்கள் மட்டும் வரும். வந்தவற்றில் பெரும்பாலானவை தைக்கு முந்தையவை, அவற்றை முதல் டிஸ்க்கிலிருந்து முழுசாக எடுத்துக்கொண்டோம். தைக்கு அப்புறம் எடுத்த ஒரு சீர்வரிசை வீடியோவில் மட்டும் சில நொடி கட்டம் கட்டமாக உடைகிறது. சித்தப்பா அந்த வீட்டாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

உசிலம்பட்டி வாத்தியார்:

தம்பி, அந்த ஈவென்ட்ஸ் விஷயம் எனக்குப் புதுசு, ரொம்ப நன்றி. என்னுடையது ஒரே டிஸ்க் உள்ள பழைய பெட்டி, பவர்பிசி ப்ராசஸர். போர்டு போய்விட்டது, டிஸ்க் நன்றாக இருக்கிறது, உபுண்டுவில் மாட்டினால் ஃபைல் சிஸ்டம் தவறு என்று மவுன்ட் ஆக மறுக்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். விஷயம் வேறு. அந்த மாதிரி சில பெட்டிகளில் இஎக்ஸ்டி4-ஐ 64 கேபி பிளாக் அளவில் ஃபார்மட் செய்திருப்பார்கள், நம் கம்ப்யூட்டரில் மெமரி பக்கம் 4 கேபி, அதைவிடப் பெரிய பிளாக்கை என் உபுண்டுவின் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்கவில்லை. டிபக்எஃப்எஸ் என்ற கருவி மவுன்ட் செய்யாமலே படிக்கும். அதில் ஆர்டம்ப் கொடுத்து ஃபோல்டர் ஃபோல்டராக வெளியே எடுத்தேன். எங்கள் பள்ளி ஆண்டு விழாக்கள், மாறுதலாகிப் போன ஆசிரியர்களின் வழியனுப்பு விழாக்கள் எல்லாம் வந்துவிட்டன.

மவுன்ட் ஆகவில்லை என்றதும் ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கருவியை ஓட்டச் சொல்லி யாராவது சொல்வார்கள். அது டிஸ்க்கில் எழுதும். பிரதி எடுக்காமல் ஓட்டாதீர்கள்.

வில்லாபுரம் நெட்வொர்க்:

எனக்கு வந்த ஒரு கேஸ், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற பரணில் பெட்டி. மதுரை மே மாத வெயிலில் அந்த இடம் எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க் 58 டிகிரி. பெரும்பாலான டிஸ்க்குக்கு 60, 65-தான் உச்ச வரம்பு. திறந்தால் ஃபேன் தூசியில் இறுகி நின்றுவிட்டது, போர்டு ஓரத்தில் எறும்பு முட்டை வைத்திருக்கிறது. பிரஷ் போட்டு, ஃபேன் மாற்றி, கூடத்துக்கு இறக்கியதும் சரியாகிவிட்டது.

இன்னொன்று, பழைய பெட்டியை வெளியிலிருந்து பார்க்கலாம் என்று ரவுட்டரில் போர்ட் திறந்து வைப்பவர்களுக்கு. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் உலகம் முழுக்கத் தொலைவிலிருந்தே ரீசெட் செய்யப்பட்டு, வைத்திருந்தவர்களின் டேட்டா அழிந்தது. அதற்கு 2015-க்கு அப்புறம் அப்டேட்டே இல்லை. அதே வருடம் ஏப்ரலில் கியூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளில் கியூலாக்கர் என்ற ரான்சம்வேர் வந்து ஃபைல்களை 7ஜிப் போட்டுப் பூட்டிப் பணம் கேட்டது. ரெய்டு இருந்தாலும் இரண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில்தான் அழியும்.

சோழவந்தான் செல்வி:

அண்ணே, எங்க வீட்டு டிஸ்க் டக் டக்னு சத்தம் போடுது. இந்த டிடிரெஸ்க்யூவை நானே ஓட்டலாமா? ஃப்ரீசர்ல ஒரு நாள் வெச்சு எடுத்தா வேலை செய்யும்னு வீட்ல சொல்றாங்க.

திருநகர்வாசி:

வேண்டாம்மா, இரண்டுமே வேண்டாம். டக் டக் என்றால் உள்ளே வட்டைப் படிக்கும் ஹெட்டில் சிக்கல், ஓட ஓட வட்டின் மேல்பரப்பைக் கீறிவிடும். இப்போதே ஆஃப் செய்து வைத்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். இதற்குத் தூசி இல்லாத கிளீன் ரூம் உள்ள இடம் வேண்டும், இங்கிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்புகிறார்கள், செலவு ஆயிரங்களில் போகும். கொடுக்கும் முன் "டேட்டா வராவிட்டால் எவ்வளவு, திறந்து பார்க்க மட்டும் எவ்வளவு" என்று எழுத்தில் கேளுங்கள். உள்ளே குழந்தை படங்கள் இருந்தால் செலவைப் பார்க்காதீர்கள், படமெல்லாம் போனிலும் இருக்கிறது என்றால் விட்டுவிடலாம்.

வில்லாபுரம் நெட்வொர்க்:

திருநகர் அண்ணே, ஸ்டுடியோவில் இன்வெர்ட்டர் இருக்கா? இருந்தும் பெட்டி விழுதுன்னா பின்னாடி யுபிஎஸ், நார்மல்னு ஒரு ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க. நார்மலில் 100 வோல்ட் வரைக்கும் அப்படியே உள்ளே விடும், மாறுவதற்கும் நேரம் எடுக்கும். யுபிஎஸ்ஸில் 180-க்குக் கீழே போனாலே பேட்டரிக்கு மாறிடும், மாறுறதும் வேகம். அடாப்டர் சீக்கிரம் போனதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்.

திருநகர்வாசி:

இருக்கு தம்பி, ஃபேனுக்கும் லைட்டுக்கும்னு போட்டது. சித்தப்பாவிடம் இப்போதே கேட்டேன், நார்மலில்தான் இருக்கிறதாம். யுபிஎஸ்ஸுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். அடுத்த மின்தடைக்கு நானே மேலூரில் இருப்பேன், கரண்ட் போய் வரும்போது பெட்டி தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.