ரீபூட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது? ‘புதுக்கணக்கு’ பற்றி ஒரு மறுப்பு

அன்புள்ள நண்பர்களுக்கு,

பழைய படங்களில் நடந்ததை ஒதுக்கிவிட்டு அதே நாயகனின் கதையைப் புதிதாகச் சொல்வதுதான் சினிமாவில் ரீபூட். அதற்குத் தமிழில் ‘மறுதொடக்கம்’ போதும், இத்தோடு விட்டுவிடலாம் என்று தொண்டி ஆசிரியர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. நிறுத்திய வேலையை நிறுத்திய இடத்திலிருந்து தொடர்வதற்குத்தான் அந்தச் சொல் புழங்குகிறது. தடைக்காலம் முடிந்து ஜூன் 15 அன்று விசைப்படகுகள் கடலுக்குப் போனால், மீன்பிடிப்பு மறுதொடக்கம் என்று தாராளமாக எழுதலாம். அதே படகு, அதே வலை, போன வருஷத்துக் கடனும் அதேதான். கணினியை ரீபூட் செய்வதும் அப்படியே: அணைத்துப் போட்டாலும் கோப்புகள் உள்ளேதான் இருக்கும்.

2005இல் கிறிஸ்டோபர் நோலன் பேட்மேனைக் கையில் எடுத்தபோது நடந்தது வேறு. 1989 முதல் 1997 வரை வந்த நான்கு படங்களில் நடந்த எதுவும் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு, புரூஸ் வெய்ன் ஏன் வௌவால் வேடம் போட்டான் என்பதிலிருந்து கதை சொன்னார். நமக்கு வேண்டிய சொல்லில் அந்த ‘நடக்கவே இல்லை’ தெரிய வேண்டும்.

நடிகர் மாறினாலே ரீபூட் என்று இங்கே சிலர் நினைக்கிறார்கள். 2008இல் எட்வர்ட் நார்ட்டன் ஹல்க்காக வந்தார், 2012இல் அந்த இடத்துக்கு மார்க் ரஃபலோ வந்தார். கதை அறுபடவில்லை, முகம்தான் வேறு. இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. டோபி மக்வயர் நடித்த மூன்று ஸ்பைடர்மேன் படங்களிலும் (2002, 2004, 2007) பத்திரிகை ஆசிரியர் ஜேம்சனாகக் கத்திக்கொண்டே இருந்த ஜே.கே. சிம்மன்ஸ், 2019இல் டாம் ஹாலண்டின் ஸ்பைடர்மேன் படத்து முடிவில் அதே ஜேம்சனாகத் தலைகாட்டினார். முகம் பழசு, கதையுலகம் புதுசு. ஆகவே ஆளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. முந்தைய நிகழ்ச்சிகள் இந்தக் கதையைக் கட்டுப்படுத்துகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

இனி கீழக்கரை காக்கா (அண்ணன்) ரீபூட்டுக்குச் சொன்ன ‘புதுக்கணக்கு’. கேட்டதும் எனக்கும் பிடித்துப்போனது. கடை அதே, முதலாளி அதே, நோட்டு மட்டும் புதிது. ஆனால் நம் கரையில் மீன் வியாபாரிகள் நோட்டை யாராவது புரட்டிப் பார்த்ததுண்டா? புது நோட்டின் முதல் வரியே பழைய பாக்கிதான். வாங்கிய முன்பணம் தீரும்வரை எத்தனை நோட்டு மாறினாலும் அந்த வரி கூடவே வரும். ரீபூட்டில் பாக்கி வரக்கூடாது.

அதற்காக அந்தச் சொல்லைத் தூக்கிப் போட வேண்டாம். 2006இல் பிராண்டன் ரூத் நடித்த சூப்பர்மேன் படம், கிறிஸ்டோபர் ரீவின் முதல் இரண்டு படங்களை ஏற்றுக்கொண்டு, 1983, 1987இல் வந்தவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டது. பாக்கியில் பாதியை ஏற்றிய நோட்டு! அரைகுறை ரீபூட்டுக்குப் ‘புதுக்கணக்கு’ கச்சிதம்.

முழு ரீபூட்டுக்கு நான் வைக்கும் சொல் ‘புதுமுதல்’. தொடக்கம் என்றும் பொருள், போட்ட பணம் என்றும் பொருள். 2017 ஸ்பைடர்மேன் சிலந்தி கடிப்பதைக் காட்டவில்லை. 2025 சூப்பர்மேன், நாயகன் பிறந்த கிரிப்டான் கோள் அழிவதைக் காட்டாமல், அவன் ஏற்கெனவே ஊரறிந்த வீரனாக இருக்கும் கட்டத்தில் ஆரம்பிக்கிறது. முதலிலிருந்து சொல்லாத படம் எப்படிப் புதுமுதல் என்று கேட்டால், இரண்டாவது பொருள் கைகொடுக்கும். பழைய சரக்கை நம்பாமல் புதிதாக முதல் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

‘மறுபுனைவு’ என்று ஒரு தங்கை சொன்னதைக் காமிக்ஸிலிருந்து திரைக்குப் போகும் எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துக்கொள்வோம். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் தந்த ஸ்பைடர்மேனிலிருந்து வந்த எல்லாப் படங்களும் மறுபுனைவுதான்.

சொல்லுக்குச் சொல் பெயர்க்காவிட்டால் யாருக்கும் புரியாது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. ‘ஸ்டீல் கிளா’ என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸில் ‘இரும்புக்கை மாயாவி’யாக வந்தது. எஃகு நகம் என்று போட்டிருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்?

மண்டபத்திலிருந்து,
உங்கள் தம்பி

•

தம்பி, பாக்கி விஷயத்தில் உன் பேச்சை ஏற்கிறேன். கடை வைத்தவனுக்கு அது தெரியும். இரண்டு சந்தேகம். 2021 ஸ்பைடர்மேன் படத்தில் வெவ்வேறு படத்தொடர்களின் மூன்று ஸ்பைடர்மேன்களும் ஒரே சட்டகத்தில் நின்றார்களே, ‘நடக்கவே இல்லை’ என்றது அங்கே என்ன ஆனது? அப்புறம், இது வினையாக வருமா? ‘புதுமுதலாக்கினார்கள்’ என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்குகிறது.

கீழக்கரையிலிருந்து

•

காக்கா, வினை நம் கையிலேயே இருக்கிறது: ‘புதுமுதல் போட்டார்கள்.’ வியாபாரத்தில் ஏற்கெனவே சொல்வதுதானே.

2021 கேள்வி நியாயமானது. அங்கே மூன்று பேரும் மூன்று தனி உலகங்களிலிருந்து வருகிறார்கள். ஒருவர் வாழ்க்கையில் நடந்தது மற்றவர் வாழ்க்கையில் நடந்ததாக ஆகவில்லை. ஆனாலும் வரையறையில் ‘நடக்கவே இல்லை’ என்பதை ‘இந்தக் கதையுலகில் நடக்கவில்லை’ என்று திருத்திவிடலாம். அந்தத் திருத்தத்தோடு ‘புதுமுதல்’ சொல்லை நம் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன். தொண்டி ஆசிரியருக்கு மறுப்பிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதட்டும். ரெட்கானை (முன்பு சொன்ன கதையைப் பின்னால் மாற்றிச் சொல்வதை) இதில் கலக்க வேண்டாம், அதற்குத் தனியாக ஒரு மடல் போடுங்கள்.