வாங்கும் முன் டிமெசேஜ் பார்த்தீர்களா? ஓப்பன்பிஎஸ்டி அனுபவங்களைப் பகிருங்கள்

தொடங்கியவர், சென்னை

நண்பர்களே, ஓப்பன்பிஎஸ்டி (பாதுகாப்புக்குப் பெயர் பெற்ற ஓர் இலவச இயங்குதளம்) என்றதும் என்னிடம் வரும் கேள்விகள் இரண்டுதான். "என் லேப்டாப்பில் ஓடுமா?" என்பது ஒன்று. "சொல்கிற அளவுக்குப் பாதுகாப்பானதா?" என்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பல வருடம் புழங்கிய பிறகு இரண்டும் ஒரே கேள்வி என்று தோன்றுகிறது. என் கதையை முதலில் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

என் முதல் லேப்டாப்பை விலையை மட்டும் பார்த்து வாங்கினேன். அதன் வைஃபை அட்டைக்கு டிரைவரே கிடையாது. இரண்டு வருடம் சுவரோரம், கேபிள் எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்து வேலை செய்தேன். அடுத்தது வாங்கும்போது ரிச்சி தெருவுக்குச் சட்டைப் பையில் இரண்டு பென்டிரைவோடு போனேன். ஒன்றில் ஓப்பன்பிஎஸ்டி இன்ஸ்டாலர். இன்னொன்றில் வீட்டிலேயே முழுதாக நிறுவி வைத்த சிஸ்டம். எதற்கு இரண்டு என்பதைக் கீழே சொல்கிறேன்.

பழைய திங்க்பேட் டி480 ஒன்று கண்ணில் பட்டது. "அண்ணே, என் பென்டிரைவ்ல பூட் பண்ணிப் பார்த்துக்கலாமா?" என்று கேட்டேன். "உள்ள இருக்கிற விண்டோஸ் போயிடாதே?" என்றார் கடைக்காரர். டிஸ்க்கைத் தொடவே மாட்டேன் என்று உறுதி சொன்ன பிறகு விட்டார். எஃப்1 அழுத்தி செக்யூர் பூட்டை அணைத்தேன், அது இருந்தால் ஓப்பன்பிஎஸ்டி கிளம்பாது. எஃப்12 அழுத்தி இன்ஸ்டாலர் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடியது. இன்ஸ்டால் செய்யவா, அப்கிரேட் செய்யவா என்று கேட்கும் இடத்தில் 'எஸ்' கொடுத்தால் கட்டளை அடிக்கும் ஷெல் கிடைக்கும். அங்கே டிமெசேஜ் என்று அடித்தால் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) எந்தெந்தச் சில்லைக் கண்டது, எதற்கு டிரைவர் கொடுத்தது என்ற முழுப் பட்டியலும் வரும். டிரைவர் கிடைக்காத சாதனத்தின் வரி 'நாட் கன்ஃபிகர்டு' என்று முடியும். நாம் தேட வேண்டியது அந்த இரண்டு சொற்களைத்தான்.

வைஃபைக்கு 'ஐடபிள்யூஎம்0' என்று டிரைவரின் பெயர் வந்தது. மனம் குளிர்ந்தது. ஆனால் சவுண்டுக்கு நேராக 'நாட் கன்ஃபிகர்டு'. இங்கேதான் பலர் ஏமாந்து கடையை விட்டு வெளியேறுகிறார்கள். இன்ஸ்டாலரில் இருப்பது சிறிய கெர்னல். நிறுவுவதற்குச் சத்தம் தேவையில்லை என்பதால் சவுண்டு டிரைவரை அதில் வைக்கவே இல்லை. இரண்டாவது பென்டிரைவில் முழு கெர்னலோடு பூட் செய்தேன். அதே வரி 'அசேலியா0' என்று சவுண்டு டிரைவரின் பெயரோடு மாறியிருந்தது. பேரம் பேசி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நிறுவியதும் வைஃபை வேலை செய்யவில்லை. 'ஃபர்ம்வேரைப் படிக்க முடியவில்லை, எர்ரர் 2' என்று வரி. எர்ரர் 2 என்றால் கோப்பு இல்லை என்று அர்த்தம், அட்டை பழுது இல்லை. இன்டெல்லின் அந்த ஃபர்ம்வேர் (அட்டைக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) இன்ஸ்டாலருக்குள் வராது, தனியாக இறக்க வேண்டும். இறக்க இணையம் வேண்டும், பழையபடி சுவரோரக் கேபிளுக்குப் போக மனமில்லை! ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங்கைப் போட்டேன். 'யுஆர்என்டிஐஎஸ்0' என்று ஒரு நெட்வொர்க் கார்டாகவே போன் தெரிந்தது. அதற்கு ஐபி வாங்கிக் கொடுத்து, எஃப்டபிள்யூ அப்டேட் கட்டளையை ஓட்டினேன். மறுபடி பூட் செய்ததும் வைஃபை வந்துவிட்டது. டேட்டா கேபிள் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து

அண்ணா, உங்களுக்கு வன்பொருள் வேலை செய்யவில்லை. எனக்கு எல்லாம் வேலை செய்தது, ஆனால் என் குரல் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

ஆன்லைன் நேர்காணல். காலை 10 மணிக்கு. 9.40-க்குப் பயோடேட்டாவை அப்லோடு செய்யச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. பிரவுசரில் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியைத் திறந்தேன். என் ஹோம் டைரக்டரியில் டவுன்லோட்ஸ் தவிர வேறு எதுவுமே இல்லை! டாக்குமெண்ட்ஸ் இல்லை, போட்டோக்கள் இல்லை. டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தேன், கை நடுங்கியது. டெர்மினலைத் திறந்து பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்தப் பதற்றத்தில் யோசிக்க நேரமில்லை. பயோடேட்டாவை டவுன்லோட்ஸுக்கு நகல் எடுத்தேன். பெட்டியில் தெரிந்தது. அனுப்பிவிட்டேன்.

நேர்காணல் தொடங்கியது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. மைக் சின்னம் பச்சையில் இருக்கிறது. "உங்க குரல் வரலையே தம்பி" என்கிறார்கள். பிரவுசர் ஒரு பிழையும் காட்டவில்லை. கடைசியில் போனில் பேசித்தான் முடித்தேன்.

அன்று மாலை உட்கார்ந்து மேன் பேஜ்களை (சிஸ்டத்தோடு வரும் கையேடுகளை) படித்தேன். 6.4 பதிப்பிலிருந்து, அதாவது 2018 அக்டோபரிலிருந்து, ஒலிப்பதிவு இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. எந்த நிரலும் மைக்கைத் திறக்கலாம், பிழை வராது. ஆனால் கெர்னல் அதற்குக் கொடுப்பது வெறும் பூஜ்ஜியங்கள். அதனால்தான் சின்னம் பச்சையாக இருந்தும் குரல் போகவில்லை. 'கெர்ன் ஆடியோ ரெக்கார்டு' என்ற சிஸ்சிடிஎல் மதிப்பை (கெர்னலின் அமைப்புகளில் ஒன்றை) ரூட்டாக, அதாவது நிர்வாகி கணக்கில், 1 ஆக்கினால் குரல் போகும். கேமராவுக்கும் 'கெர்ன் வீடியோ ரெக்கார்டு' என்று ஒன்று உண்டு. அதோடு கேமராவின் டிவைஸ் கோப்பும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கும். அதை நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

டவுன்லோட்ஸ் விஷயம் அன்வெயில். ஒரு நிரல் கோப்பு அமைப்பில் எதை எல்லாம் பார்க்கலாம் என்பதை அந்த நிரலே தொடக்கத்தில் கெர்னலிடம் சொல்லிவிடுகிறது. பிறகு மற்றது அதன் கண்ணுக்கே தெரியாது. குரோமியமும் ஃபயர்ஃபாக்ஸும் அப்படித்தான் கட்டித் தரப்படுகின்றன. ஏதாவது ஓட்டை வழியாக ஒருவன் பிரவுசருக்குள் புகுந்துவிட்டாலும் சர்வர்களுக்குள் நுழைய நான் வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் சாவி அவன் கண்ணில் படாது.

அன்று காலை வந்த கோபம், படித்து முடித்தபோது இல்லை. மைக்கை இன்னும் நிரந்தரமாகத் திறந்து வைக்கவில்லை. கூட்டத்துக்கு முன் 1, முடிந்ததும் 0. இரண்டு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன்.

திருச்சியிலிருந்து, அலுவலக ஃபயர்வால் பார்ப்பவர்

சுருக்கமாக ஒன்று. எங்கள் அலுவலகத்தில் ஓப்பன்பிஎஸ்டியின் பிஎஃப் ஃபயர்வாலாக ஓடும் பெட்டிக்கு புது இன்டெல் பிராசசர் போட்டோம். 4 கோர், 8 த்ரெட். டாப் கட்டளையில் பார்த்தால் 4 மட்டும். "காசு கொடுத்ததில் பாதி எங்கே?" என்று மேலாளர் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. பிராசசர் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டோம். தற்செயலாக சிஸ்சிடிஎல் பட்டியலைப் புரட்டினால் கண்டது 8, இயங்குவது 4 என்று இருக்கிறது. கொஞ்சம் கீழே 'எஸ்எம்டி' 0.

எஸ்எம்டி என்பது ஹைப்பர் த்ரெடிங்கின் பொதுப் பெயர். அதில் ஒரே கோரின் இரண்டு த்ரெட்களும் கேஷ், டிஎல்பி என்ற தற்காலிக நினைவிடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றில் ஓடும் நிரல், பக்கத்தில் ஓடுவதன் ரகசியத்தை நேரக் கணக்கை வைத்தே ஊகிக்க வழி இருக்கிறது. 2018 ஜூனில் ஓப்பன்பிஎஸ்டி இன்டெல் பிராசசர்களில் அதை இயல்பாகவே அணைத்தது. அப்போது மிகையான பயம் என்று பலர் சொன்னார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் எல்1டிஎஃப் என்ற இன்டெல் பிராசசர் பாதுகாப்புக் குறை வெளியே வந்தது. வேண்டுமென்றால் 'எஸ்எம்டி'யை 1 ஆக்கிக்கொள்ளலாம். நாங்கள் ஆக்கவில்லை. பாக்கெட் அனுப்பும் வேலைக்கு 4 கோரே தாராளம். மேலாளரிடம் இதை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், ஒப்புக்கொண்டார்.

பழைய பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூட் ஆகும்போது 'ரீஆர்டரிங்' என்று தொடங்கும் வரியில் நின்றுவிட்டது போல இருந்தால் பவரை அணைக்காதீர்கள். லைப்ரரிகளின் உள்வரிசையை ஒவ்வொரு பூட்டிலும் கலைத்துப் போடுகிறது. 6.2 முதல் கெர்னலையும் இப்படியே மறுபடி லிங்க் செய்து வைக்கிறது. மெதுவான அட்டம் பெட்டியில் அதற்கு நேரம் பிடிக்கும். பொறுத்தால் தானாக வரும்.

மதுரையிலிருந்து, கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்பவர்

நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். என் லேப்டாப் பேருந்தில் தொலைந்தது. இறங்கிப் பார்த்தபோது பை இல்லை. மாணவர்களின் மதிப்பெண்கள், சர்வர் சாவிகள், என் பிள்ளையின் படங்கள் எல்லாம் அதில்.

டிஸ்க் முழுவதையும் ஓப்பன்பிஎஸ்டியின் சாஃப்ட்ரெய்டு கொண்டு மறையாக்கம் செய்திருந்தேன். நான் நிறுவிய காலத்தில் இன்ஸ்டாலரில் ஷெல்லுக்குப் போய், பார்ட்டிஷனைக் கையால் பிரித்து, பயோசிடிஎல் கட்டளை கொடுத்துச் செய்ய வேண்டியிருந்தது. 7.3 வந்த பிறகு இன்ஸ்டாலரே கேட்கிறது, பாஸ்ஃபிரேஸ் கொடுத்தால் போதும். ஆகவே கவலை இல்லை என்றுதான் எல்லோரும் தேற்றினார்கள். ஆனால் நான் லேப்டாப்பை அணைக்கவில்லை. வழக்கம்போல மூடியை மட்டும் மூடியிருந்தேன். தூங்கும் நிலையில் டிஸ்க்கின் சாவி ராமிலேயே இருக்கும். எடுத்தவர் திறந்தால் திரைப்பூட்டு மட்டும்தான் இடையில் நிற்கும். பேட்டரி தீரும் வரை அப்படித்தான். அன்று இரவு முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொரு சர்வரிலும் என் பழைய சாவியை நீக்கினேன், கடவுச்சொற்களை மாற்றினேன். விடியற்காலை ஆகிவிட்டது.

லேப்டாப் கிடைக்கவில்லை. புதியதில் மூடியை மூடினால் தூங்காமல் ஹைபர்நேட் ஆகும்படி மாற்றிவிட்டேன். ராமில் இருப்பது மறையாக்கப்பட்ட டிஸ்க்கில் எழுதப்பட்டு மெஷின் முழுதாக அணைகிறது. திரும்ப எழுப்பும்போது பாஸ்ஃபிரேஸ் கேட்கும். கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆகிறது. எனக்கு அது பெரிதில்லை. பயணம் செய்பவர்கள் தயவுசெய்து இதை ஒருமுறை சரிபாருங்கள்.

தொடங்கியவர்

அக்கா, எழுதியதற்கு மிகவும் நன்றி. படித்த கையோடு என் டி480-யிலும் மாற்றிவிட்டேன்.

இன்னொரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார்: "ப்ளாப் (மூலநிரல் தராத மூடிய நிரல்) வேண்டாம் என்கிறார்கள், ஆனால் மூடிய ஃபர்ம்வேரை மட்டும் இறக்குகிறார்களே, முரண் இல்லையா?" நியாயமான கேள்வி. ஃபர்ம்வேர் ஓடுவது அட்டையில் இருக்கும் சில்லில். ப்ளாப் டிரைவர் ஓடுவது கெர்னலுக்குள், நம் பிராசசரில், எல்லா அதிகாரத்தோடும். ஒரு பிழை வந்தால் அதைத் திறந்து திருத்த நம்மிடம் மூலநிரல் இருக்காது. அந்த இரண்டாவதைத்தான் ஓப்பன்பிஎஸ்டி ஏற்பதில்லை. வைஃபை சில்லும் பிராசசரைக் கேட்காமலே டிஎம்ஏ வழியாக நினைவகத்தைத் தொடும் என்பதால் முதலாவதிலும் எனக்கு முழு நிம்மதி கிடையாது. ஆனாலும் கோடு போட வேண்டிய இடம் கெர்னலின் வாசல்தான் என்று நினைக்கிறேன்.

1995-ல் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்திலிருந்து பிரிந்து, தியோ டி ராட் கனடாவின் கால்கரியிலிருந்து தொடங்கியதிலிருந்தே இந்தப் பிடிவாதம் இருக்கிறது. சில்லு தயாரிப்பாளர்களிடம் ஆவணம் கேட்பார்கள், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டார்கள். பழைய ஏத்தராஸ் பிசிஐ அட்டைகள் 'ஏடிஹெச்என்' டிரைவரில் ஃபர்ம்வேரே இல்லாமல் ஓடும். அதே காரணத்தால்தான் என்விடியாவில் கிராஃபிக்ஸ் முடுக்கம் கிடையாது, இன்டெல் அல்லது ஏஎம்டி பார்த்து வாங்குங்கள். ப்ளூடூத் கதை வேறு. அந்தக் குறியீடு கவனிப்பாரின்றிக் கிடந்ததால் 2014-ல் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். பாதி வேலை செய்யும் ஒன்றை வைத்திருப்பதைவிட அது நல்லது என்பது என் எண்ணம். ப்ளூடூத் ஹெட்செட் வேண்டுமென்றால், யுஎஸ்பி சவுண்டு கார்டு போலவே சிஸ்டத்துக்குத் தெரிந்து, ஹெட்செட்டோடு தானே பேசிக்கொள்ளும் டாங்கிள்கள் கிடைக்கின்றன.

சேலத்திலிருந்து, கல்லூரி மாணவர்

அண்ணா, என் லேப்டாப் ஏஎம்டி. நீங்கள் சொன்னபடி பார்த்தேன். முழு கெர்னலிலும் வைஃபைக்கு 'நாட் கன்ஃபிகர்டு'தான். புது லேப்டாப் வாங்க வீட்டில் கேட்க முடியாது. என்ன செய்யலாம்?

தொடங்கியவர்

தம்பி, புது லேப்டாப் வேண்டாம். பின்மூடியைக் கழற்றிப் பார், பெரும்பாலும் வைஃபை அட்டை எம்.2 சாக்கெட்டில் ஒற்றைத் திருகில் இருக்கும், ஆன்டெனா கம்பி இரண்டு. அதற்குப் பதில் இன்டெல் ஏஎக்ஸ்210 போடு, 'ஐடபிள்யூஎக்ஸ்' டிரைவர் எடுத்துக்கொள்ளும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 வாங்கிவிடாதே, அவை இன்டெல் மெஷினில் மட்டும்தான் ஓடும். வேறு அட்டையை பயாஸ் ஏற்காத மாடல்களும் உண்டு, உன் மாடலுக்கு முதலில் தேடிப் பார்.

சேலத்திலிருந்து, கல்லூரி மாணவர்

அண்ணா, போட்டுவிட்டேன். ஆன்டெனா கம்பியின் சின்ன வளையம் அமரவே மாட்டேன் என்றது, நகத்தால் அழுத்தி அழுத்தி ஒரு மணி நேரம். போன் டெதரிங்கில் ஃபர்ம்வேர் இறக்கினேன். இப்போது 'ஐடபிள்யூஎக்ஸ்0' வந்துவிட்டது. இந்தப் பதிவை அதிலிருந்துதான் எழுதுகிறேன். என் டிமெசேஜை ஓப்பன்பிஎஸ்டி திட்டத்தின் டிமெசேஜ் முகவரிக்கும் அனுப்பியிருக்கிறேன்.