பீஃப் கொத்துக்கறி நூடுல்ஸ்: கறி தண்ணி விட்டு வெளுத்துப் போகுது, சாஸ் ஒட்ட மாட்டேங்குது – யாராச்சும் வழி சொல்லுங்க

திருப்பூர் ராச்சோறு:

வணக்கமுங்க. கம்பெனி விட்டு வீடு சேரவே ராத்திரி ஏழரை ஆயிடுது. வந்தவுடனே அரை மணி நேரத்துல முடியற மாதிரி, பீஃப் கொத்துக்கறி, சோயா சாஸ், பூண்டு, வெங்காயத்தாள் எல்லாம் போட்டு ஒரு நூடுல்ஸ் செஞ்சு பழகிட்டு இருக்கேன். சீனா, கொரியா பக்கத்து ருசியில பண்ணற சாப்பாடாமா. பசங்க ரெண்டு பேரும் ஆசையாக் கேக்கறாங்க. ஆனா சரியா அமைய மாட்டேங்குது.

கறி சட்டியில விழுந்த ரெண்டாவது நிமிஷமே தண்ணி விட்டுருது. அந்தத் தண்ணியிலயே கொதிச்சு வெளிறிப் போயி, சின்னச் சின்ன உருண்டையா, மெல்லவே முடியாம சவச்சவன்னு இருக்குது. சாஸ் மேல பிடிக்காம அடியில நிக்குது, அதுலயும் உப்பு கரிக்குது. நூடுல்ஸ வடிச்சு வெச்சு எடுத்தா மொத்தமும் ஒரே கட்டி. அப்புறம் அந்த எள்ளெண்ணெய் வாசம். செக்கு நல்லெண்ணெய்தான் ஊத்தறேன், அந்த வாசம் துளி கூட வரல.

அளவு: கறி அரைக் கிலோ, ஹக்கா நூடுல்ஸ் 300 கிராம். நாலு பேருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோட்டைமேடு அடுப்படி:

வாங்க தம்பி. பதில் சொல்லறதுக்கு முன்னால மூணு விஷயம் தெரியணும். கறிய எப்பக் கழுவறீங்க, கொத்தறதுக்கு முன்னயா பின்னயா? உப்பு எப்பப் போடறீங்க? சட்டி என்ன சட்டி, அரைக் கிலோவையும் ஒட்டுக்காப் போடறீங்களா?

திருப்பூர் ராச்சோறு:

கடையிலயே கைமா போட்டு வாங்கியாந்து, வீட்டுல வடிதட்டுல கொட்டி நல்லாக் கழுவறேனுங்க அக்கா. மஞ்சத்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது போட்டுப் பெரட்டி, நூடுல்ஸ் வேகற வரைக்கும் வெச்சிருப்பேன். நான்ஸ்டிக் சட்டி. ஆமாங்க, எல்லாம் ஒட்டுக்காத்தான்.

கோட்டைமேடு அடுப்படி:

அப்பக் கறிக்கு மூணு பக்கத்துல இருந்தும் தண்ணி வருது தம்பி: கொத்தின பொறவு கழுவறது, முன்னாடியே உப்புப் போடறது, எல்லாத்தையும் ஒட்டுக்காப் போடறது.

கறியக் கழுவாமச் சமைக்க நம்மூர்ல யாருக்கும் மனசு வராது, எனக்கும் வராது. ஆனா கொத்தின கறி வேற. துண்டுக் கறியக் கழுவினா மேல இருக்கற ஈரம் வடிஞ்சு போயிரும். கொத்துக்கறியில ஒவ்வொரு துணுக்குக்கும் இடையில தண்ணி பூந்து உக்காந்துக்கும், எவ்வளவு நேரம் வடிய விட்டாலும் போகாது. சட்டியில தண்ணி இருக்கற வரைக்கும் சூடு 100 டிகிரியத் தாண்டாது. கறி செவந்து மணம் வரணும்னா 140 டிகிரிக்குப் பக்கமாப் போகணும். அதனால தண்ணி வத்தற வரைக்கும் கறி வேகுதே ஒழிய வறுபடாது. அது வத்தி முடியறப்ப கறி ஏற்கெனவே வெந்து சுருங்கிப் போயிருக்கும். அதுதான் அந்தச் சவச்சவ.

அதனால முழுத் துண்டா வாங்குங்க. இங்க கோயமுத்தூர்ல உக்கடம், கோட்டைமேட்டுப் பக்கம் கேட்டா தொடையோ தோளோ ஒரே துண்டாத் தருவாங்க, உங்கூர்லயும் கேட்டா தருவாங்க. கழுவி, சுத்தமான துணியில ஒத்தி எடுத்து, ஓரங்குல அளவுக்கு நறுக்கி, ஃப்ரீசர்ல 20 நிமிஷம் வெச்சிருங்க. ஓரம் மட்டும் வெறைக்கணும், கல்லாகக் கூடாது. அப்புறம் மிக்ஸியில கைப்பிடி கைப்பிடியாப் போட்டு, விட்டு விட்டு நாலஞ்சு சுத்து. ஓட விட்டீங்கன்னா விழுதாயிரும், அது வடைக்குத்தான் ஆகும். மிக்ஸி வேண்டாம்னா கடைக்காரர்கிட்டயே சொல்லிக் கழுவித் தொடைச்ச பொறவு ஒரே தடவை அரைச்சு வாங்குங்க.

கொழுப்பையும் கேட்டு வாங்கணும். நம்ம பக்கம் நிறைய எருமைக் கறிதான் வரும், கொழுப்பு கம்மி. வெள்ளைக் கொழுப்பா ஒரு கைப்பிடி சேத்துக் கொத்தச் சொல்லுங்க. அஞ்சுல ஒரு பங்கு கொழுப்பு இருந்தாத்தான் நூடுல்ஸோட சேந்து வழுவழுன்னு வரும். சுத்தச் சதையா வாங்கினா என்ன பண்ணினாலும் வறவறன்னுதான் இருக்கும்.

உப்பு முன்னாடியே வேண்டாம். அது கறிக்குள்ள இருக்கற தண்ணியயும் இழுத்து வெளிய கொண்டாந்துரும். மஞ்சளும் இதுக்குத் தேவையில்ல, சோயா மணத்தோட அது சேராது. அதுக்குப் பதிலா அரைக் கிலோவுக்குக் கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவ ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணியில கரைச்சுக் கறியில பெரட்டி 15 நிமிஷம் வைங்க. சோடா காரத்தன்மை, அது பட்டாக் கறி எறுகாது, தன் ஈரத்தத் தனக்குள்ளயே பிடிச்சு வெச்சுக்கும், சீக்கிரமாச் செவக்கவும் செய்யும். அளவு கூடினா சவுக்காரம் அடிக்கும், அதனால தலைதட்டின கால் டீஸ்பூன்தான். பேக்கிங் பவுடர் வேற, அதப் போட்டுறாதீங்க.

சட்டி இரும்பு வடச்சட்டி. இல்லீன்னா தோசைக்கல்லே போதும். நல்லாக் காஞ்சு லேசாப் பொகை வரணும். ரெண்டு டேபிள்ஸ்பூன் கடலெண்ணெய் ஊத்தி, பாதிக் கறிய மட்டும் போட்டுச் சட்டுவத்தால அடை தட்டற மாதிரி அமுக்கி விட்டுட்டு, மூணு நாலு நிமிஷம் கையே வெக்காதீங்க. கெளறணும்னு கை பரபரக்கும், பொறுத்துக்கணும். அடி நல்லாச் செவந்த பொறவு திருப்பிப் போட்டு உடைச்சு விடுங்க. எடுத்து வெச்சுட்டு அடுத்த பாதி. கடைசியில ரெண்டையும் ஒண்ணாச் சேத்து நல்லாச் சூடாக்கிருங்க. கொத்தின கறி உள்ளயும் 71 டிகிரி தொடணும், பச்சைக் கறியோட செவப்பு எங்கயும் தெரியக் கூடாது. துண்டுக் கறியில கிருமி மேலதான் இருக்கும், கொத்தும்போது உள்ள வரைக்கும் கலந்துருது, அதுக்குத்தான் இந்தக் கவனம்.

குக்கர் மட்டும் வேண்டாம் தம்பி. மாட்டுக்கறின்னாலே அஞ்சு விசில்னு பழகிட்டோம். கொத்துக்கறிக்கு அது ஆகாது.

பெருந்துறை சட்டுவம்:

அக்கா கறிக்குச் சொல்லீட்டாங்க, நான் நூடுல்ஸுக்குச் சொல்றேன். சாயங்காலம் பாஸ்ட் புட் கடை போடறவன்.

பெரிய பாத்திரத்துல தண்ணி வைங்க, 300 கிராமுக்கு மூணு லிட்டராச்சும். நல்லாத் தளதளன்னு கொதிக்கறப்பப் போட்டு, பாக்கெட்ல போட்டிருக்கற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலயே வடிச்சிருங்க. கடிச்சா நடுவுல சின்னதா ஒரு பதம் நிக்கணும். மீதி வேக்காடு சாஸ்ல நடக்கும். வடிச்ச கையோட பச்சைத் தண்ணியில அலசுங்க. மேல இருக்கற மாவுதான் ஒட்ட வெக்குது. அலசி உதறிட்டு ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவி, அகலத் தட்டுல பரத்தி வைங்க. வடிதட்டுலயே குவிச்சு விட்டா உங்களுக்கு ஆன மாதிரிதான் ஆகும்.

வடிக்கறதுக்கு முன்னால வேகவெச்ச தண்ணி ஒரு டம்ளர் எடுத்து வைங்க. வேலைக்கு ஆகும்.

கடை அடுப்பு மாதிரி வீட்டு அடுப்புல தீ நிக்காது. நாலு பேருக்கும் ஒரே தடவையில பெரட்டாதீங்க, ரெண்டு ரெண்டு பேருக்காப் பண்ணுங்க. எடுத்துக் கலக்க இடுக்கி இருந்தா நல்லது, கரண்டி போட்டா நூடுல்ஸ் அறுந்துரும்.

கொடுமுடி எள்ளுக்காடு:

எண்ணெய்க்கு நான் சொல்லணும், வீட்டுல எள்ளு வெதைக்கறவங்க.

நம்ம நல்லெண்ணெய் பச்சை எள்ளக் காயவெச்சு, கருப்பட்டி போட்டுச் செக்குல ஆட்டறது. சீனா, ஜப்பான், கொரியாவுல சாப்பாட்டு மேல ஊத்தறது எள்ள நல்லாச் செவக்க வறுத்து ஆட்டின எண்ணெய். அந்த வாசம் முழுக்க வறுத்ததுல இருந்துதான் வருது. நீங்க எவ்வளவு நல்ல நல்லெண்ணெய் ஊத்தினாலும் அது வராதுங்க, எண்ணெய் மேல குத்தமே இல்ல.

வீட்டுலயே பண்ணிக்கலாம். வெள்ளை எள்ளு ரெண்டு டேபிள்ஸ்பூன், வெறும் சட்டியில சின்னத் தீயில பொன்னிறம் தாண்டி லேசாச் செவக்கற வரைக்கும் வறுங்க. வெடிக்க ஆரம்பிச்சதும் கவனம், அதுக்கப்புறம் கருகறதுக்கு நேரமே ஆகாது. ஒண்ணும் பாதியுமாத் தட்டி, மூணு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில போட்டுச் சின்னத் தீயில ரெண்டு நிமிஷம் சூடு காட்டி எறக்கிருங்க. பாட்டில்ல ஊத்தி வெச்சுக்கலாம். அடுப்ப அணைச்ச பொறவு ஆளுக்கு ஒரு டீஸ்பூன் மேலாப்புல. அதுல வதக்கினா வாசம் பறந்து போயிரும்.

எள்ளு சிவகிரி, கொடுமுடிப் பக்கத்து ஏலத்துக்கு வர்றதே அருமையா இருக்கும், மளிகையில கேட்டுப் பாருங்க.

திருப்பூர் ராச்சோறு:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. நல்லெண்ணெய் விஷயம் சத்தியமாத் தெரியாது. சாஸ் அளவு யாராச்சும் சொன்னா ஞாயித்துக்கிழமை பண்ணிப் பாத்துருவேன். இப்ப நான் சோயா சாஸ் ஆறு டேபிள்ஸ்பூன் ஊத்தறேன், கறியில உப்பும் போடறேன்.

கோட்டைமேடு அடுப்படி:

ஆறா! ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ்லயே சுமார் 2 கிராம் உப்பு இருக்கும் தம்பி. ஆறுக்கு 12 கிராம், அது ரெண்டு டீஸ்பூன் உப்புக்குச் சமம். அதுக்கு மேல கறி உப்பு வேற.

சோயா சாஸ் மூணு டேபிள்ஸ்பூன், வினிகர் ஒரு டீஸ்பூன், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை ஒண்ணரை டேபிள்ஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், கார்ன்ஃப்ளார் ரெண்டு டீஸ்பூன், தண்ணி அரை டம்ளர். எல்லாத்தையும் ஒரு கிண்ணத்துல கலக்கி முன்னாடியே வெச்சுக்கங்க. இதுக்குப் பழுப்புச் சர்க்கரை போடறவங்க உண்டு, நம்ம நாட்டுச் சர்க்கரை அந்த எடத்துக்கு அதை விட நல்லாப் பொருந்துது. வெல்லப்பாகு மணம் சோயாவோட போய் நிக்கறதப் பாத்தாத்தான் தெரியும். கல்லு மண்ணு இருந்தாத் தண்ணியில கரைச்சு வடிகட்டிச் சேருங்க.

சாஸ் ஒட்டாததுக்குக் காரணம் மாவு இல்லாதது. கார்ன்ஃப்ளார் கலந்தது கொதி வந்தாத்தான் கெட்டியாகும், சும்மா சூடானாப் பத்தாது. அடியில தங்கிரும்கறதால ஊத்தறதுக்கு முன்னால ஒரு தடவை கலக்கிக்கங்க.

வேலை வரிசை இப்படி வெச்சா அரை மணிக்குள்ள முடியும். கறி மொத நாளே கொத்தி ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும், ஒரு நாளுக்கு மேல வெக்காதீங்க. வந்ததும் நூடுல்ஸ் தண்ணிய அடுப்புல ஏத்தி, கறியில சோடா பெரட்டி வைங்க. அந்தக் கால் மணி நேரத்துல பூண்டு எட்டுப் பல், ஒரு துண்டு இஞ்சி, கேரட், முட்டைக்கோஸ், வெங்காயத்தாள் நறுக்கி முடிச்சுரலாம். கறி வறுத்து எடுத்த அதே சட்டியில பூண்டு இஞ்சி அரை நிமிஷம், காய் ரெண்டு நிமிஷம். கறியத் திருப்பிப் போட்டு, சாஸ் ஊத்திக் கொதி வந்ததும் நூடுல்ஸ். எறுகினாப்புல தெரிஞ்சா அந்த வேகவெச்ச தண்ணி ஒரு கரண்டி.

மேட்டுப்பாளையம் காய்மண்டி:

வெங்காயத்தாள் வெள்ளைப் பக்கத்தப் பூண்டோட போட்டு வதக்குங்க, பச்சைப் பக்கம் எறக்கின பொறவு. ஊட்டிக் கேரட் கெடைச்சாத் தீக்குச்சி அளவுக்கு நறுக்குங்க, தோல் சீவ வேண்டியதில்ல.

பவானி ஆத்தங்கரை:

எங்க வீட்டுல மாட்டுக்கறி சாப்பிடறதில்லீங்க. ஆட்டுக் கொத்துக்கறியில இதே மாதிரி வருமா? ஒறம்பரை வர்றாங்க, புதுசா ஒண்ணு செஞ்சு போடலாம்னு.

கோட்டைமேடு அடுப்படி:

தாராளமா வருமுங்க. வெள்ளாட்டுக் கறிக்குச் சோடா அரைக்கால் டீஸ்பூன் போதும். செம்மறியா இருந்தாக் கொழுப்பு எச்சா உருகும், வறுத்த பொறவு எண்ணெய ஒரு டேபிள்ஸ்பூன் மட்டும் விட்டுட்டு மீதிய வடிச்சிருங்க. ஆட்டு வாசத்துக்கு இஞ்சி கொஞ்சம் கூட.

திருப்பூர் ராச்சோறு:

பண்ணிட்டேனுங்க! தொடைக்கறி ஒரே துண்டா வாங்கி, அக்கா சொன்னபடி மிக்ஸியில அடிச்சேன். சட்டியில போட்டா சுர்ருனு சத்தம், தண்ணியே இல்ல. திருப்பிப் போட்டப்ப அடிப்பக்கம் நல்லாக் காப்பிக் கலர்ல முறுகி இருந்துச்சு. சாஸ் ஒவ்வொரு இழையிலயும் ஒட்டிக்கிச்சு. எள்ளெண்ணெய ஊத்தினதும் பெரியவன் ரூமுல இருந்து எந்திரிச்சு வந்துட்டான்.

ஒண்ணே ஒண்ணு, ரெண்டாவது பாதி மொதல் பாதி அளவுக்குச் செவக்கல, சட்டி அடியில கருப்பாப் பிடிச்சும் இருந்துச்சு. அப்புறம் மீதிய மறுநாள் பசங்களுக்கு டிபன் பாக்ஸ்ல குடுத்து விடலாமா?

பெருந்துறை சட்டுவம்:

மொதல் ஈடு எடுத்தவுடனே சட்டிய மறுபடி ஒரு நிமிஷம் காய விடணும், உடனே போட்டாச் சூடு எறங்கிரும். அடியில பிடிச்சது செவப்பா இருந்தா ரெண்டு கரண்டி தண்ணி விட்டுச் சொரண்டிச் சாஸோட சேத்துருங்க, ருசியே அதுலதான் இருக்குது. கருப்பா இருந்தாத் தொடைச்சு எடுத்துருங்க, கசக்கும்.

கோட்டைமேடு அடுப்படி:

டிபன் பாக்ஸ் வேண்டாம் தம்பி. காலையில ஏழு மணிக்குக் கட்டினா மத்தியானம் வரைக்கும் அஞ்சு மணி நேரம் வெதுவெதுப்புல இருக்கும். சமைச்ச கறி ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கக் கூடாது, திருப்பூர் சித்திரை வெயில்ல ஒரு மணி நேரம்தான் கணக்கு. குடுத்துத்தான் ஆகணும்னா ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல வெச்சதக் காலையில ஆவி பறக்கச் சூடு பண்ணி, கொதிநீர் ஊத்திக் கொட்டின சூடு தாங்கற பிளாஸ்க்ல போட்டுக் குடுங்க. இல்லீன்னா மீதிய எறக்கின ஒரு மணி நேரத்துக்குள்ள அகலப் பாத்திரத்துல போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சு, மறுநாள் ராத்திரி ஒரு கரண்டி தண்ணி தெளிச்சுச் சட்டியில பெரட்டுங்க. மூணு நாள் வரைக்கும் தாங்கும்.

திருப்பூர் ராச்சோறு:

செரிங்க அக்கா, பிளாஸ்க் வீட்டுல இருக்குது. நாளைக்குத் தயிர்சோறே கட்டி விடறேன், இது ராத்திரிக்கு.