46 வயதில் தெரிந்த லாட சிறுநீரகம்

கேள்வி:
கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம். கல் வலி என்று புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தால், இரண்டு சிறுநீரகமும் அடியில் ஒட்டி லாடம் மாதிரி இருக்கிறதாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, கிரியேட்டினின், 0.9தான். ஐஸ் பெட்டி தூக்கலாமா? வீட்டில் ஒரே அழுகை.

பதில் 1:
ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன் அண்ணே. ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கும். கருவில் சிறுநீரகம் இடுப்புக்குழியிலிருந்து மேலே ஏறும்போது, இரண்டையும் இணைக்கும் பாலம் போன்ற பகுதி குடலுக்குப் போகும் ஒரு தமனியில் தட்டி நின்றுவிடும். கல்லும் கிருமித்தொற்றும் சுலபமாக வரும். ரிப்போர்ட்டில் நீர்த்தேக்கம் (சிறுநீர் வெளியேறாமல் சிறுநீரகத்தில் தேங்குவது) என்று போட்டிருக்கிறதா?

பதில் 2:
நெல்லிக்குப்பம், எனக்கும் இதேதான். மூட்டை தூக்குகிறேன், டாக்டர் தடுக்கவில்லை. வயிற்றில் அடிபடாமல் பாருங்கள். அந்தப் பாலம் முதுகெலும்புக்கு முன்னால் குறுக்கே கிடக்கிறது. வயிற்று ஆபரேஷன் எது என்றாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ரத்தக்குழாய்கள் கூடுதலாக இருக்கும்.

கேட்டவர்:
நீர்த்தேக்கம் இல்லை தம்பி. 6 மி.மீ. கல் மட்டும். திங்கட்கிழமை யூராலஜி டாக்டரைப் பார்க்கிறேன்.