வயது வந்தோர் எழுத்தறிவு வகுப்பு: எங்கள் கரையோர அனுபவங்கள்

பாம்பனிலிருந்து:

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் ஆறு மாதம் தன்னார்வலராக இருந்தேன். சம்பளம் கிடையாது. ஒரு சாக்பீஸ் பெட்டி, கொஞ்சம் பாடநூல்கள், ஒரு வருகைப் பதிவேடு. இடம் சின்னப்பாலம். பெயர் கொடுத்தவர்கள் இருபது பேர், பெரும்பாலும் கடலில் பாசி எடுக்கும் பெண்கள்.

200 மணி நேரம் பாடம், தினமும் மாலை ஆறு மணிக்கு வகுப்பு என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். கடலுக்கு அது தெரியாதே! அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் பாசிக்குப் போவார்கள். விடியுமுன் வள்ளம் ஏறித் தீவுப் பக்கம் போய், மணிக்கணக்கில் மூழ்கி எழுந்து வந்தவரை மாலையில் உட்காரவைத்தால் ‘அம்மா’ எழுதுவதற்குள் தூங்கி விழுவார். ஆனாலும் பதிவேட்டில் இருபது பேரும் தவறாமல் வந்திருக்கிறார்கள். நிரப்பியது நான்தான், மறைப்பானேன்.

பாறையில் பாசியைப் பிய்க்கும்போது கிழியாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். அப்படியும் விரல் நுனியெல்லாம் வெட்டுக்காயம். அந்த விரல்கள் பேனாவையும் பாசியைப் போலவே இறுக்கிப் பிடித்தன. ‘ட’ எழுதினால் தாள் கிழிந்து அடுத்த பக்கத்திலும் ‘ட’ இருக்கும். இரண்டு வாரம் மணலில்தான் எழுதினோம்.

கணக்கில் அவர்கள்தான் எனக்குப் பாடம் எடுத்தார்கள். ஈரப்பாசி காய்ந்தால் எத்தனை கிலோ நிற்கும், வள்ளத்து டீசலில் ஆளுக்கு எவ்வளவு பங்கு, எல்லாம் மனக்கணக்கு. தெரியாதது வியாபாரி தரும் துண்டுச்சீட்டில் இருப்பது மட்டும்தான். பாடநூலை ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் சீட்டுகளையே கொண்டுவரச் சொன்னேன். அதன்பிறகு கூட்டம் நிஜமாகவே வந்தது.

ஒருநாள் ஓர் அக்கா சீட்டை விளக்கருகில் பிடித்துக்கொண்டு கேட்டார்: “டீச்சர், ‘கழிவு’ என்று போட்டிருக்கிறதே, யார் கழித்தது?” எட்டு வருடமாகப் பிடித்துவந்த தொகை அது. மறுநாள் வியாபாரியிடமும் அதையே கேட்டிருக்கிறார். அவர் ஏதோ ஈரம், மண் என்று சமாளித்தாராம். அடுத்த சீட்டில் கழிவு பாதியாகிவிட்டது.

தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு: வாசிப்பு, எழுத்து, கணக்கு, தலா 50. அன்றைக்கு ஆள் குறைந்ததால், எட்டாவது வரை படித்த ஒரு பெண்ணையும் உட்காரவைத்தார்கள். எங்கள் மையத்தில் அவர்தான் முதல் மதிப்பெண். பின்னே?

தொண்டிப் பக்கத்திலிருந்து:

பதிவேட்டுக் கதையைப் படித்துச் சிரித்தேன். என் அம்மா 1990களில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்புக்குப் போனவர். தெருநாடகம், கும்மி, அரிக்கேன் விளக்கு என்று ஊரே திருவிழாவாக இருக்குமாம். மூன்று பாடநூல்களில் அம்மா இரண்டாவதோடு நின்றுவிட்டார். அதற்கப்புறம் வாசிக்க வீட்டில் தினசரிக் காலண்டரைத் தவிர என்ன இருந்தது? பழகாத எழுத்து ஒவ்வொன்றாகக் கழன்றுபோய்க் கையெழுத்து மட்டும் மிஞ்சியது. இயக்கம் தோற்றது அங்கேதான் என்பேன். கற்றுக்கொடுத்தவர்கள்மேல் எனக்குக் குறையில்லை.

2011 கணக்கெடுப்புக்கு வந்தவர் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். “தெரியும்” என்று அப்பா சொன்னார். தாளை நீட்டி வாசிக்கச் சொல்லவா போகிறார்கள்? ராமநாதபுரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 80 சதவீதத்தைத் தாண்டியதில் எங்கள் அம்மாவுக்கும் பங்குண்டு.

சில வருடம் கழித்து ஒரு வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பணம் தரவில்லை. “பேசாமல் கைநாட்டு வைத்துவிடுங்கள் அம்மா” என்றார் அங்கிருந்தவர். அம்மா வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரவெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டு மறுநாள் போனார்.

மறுபடியும் பாம்பனிலிருந்து:

கைநாட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கம் ரேஷன் கடையில் விரல் வைக்கும் இயந்திரம் வந்தபிறகு பாசிக்காரப் பெண்கள் படும் பாடு பெரும்பாடு. ரேகை தேய்ந்த விரலை அது ஏற்பதில்லை. துடைத்து வை, அடுத்த விரலை வை என்று பத்து விரலும் முடிந்தபிறகுதான் பதிவேட்டை நீட்டுவார்கள்.

போன மாதம் ‘கழிவு’ அக்கா எனக்கு முன்னால் நின்றார். இயந்திரத்தில் விரலே வைக்கவில்லை. “நோட்டைக் கொடு தம்பி” என்று வாங்கி, இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அரிசியை வாங்கிக்கொண்டு நாலடி நடந்தவர், திரும்பி வந்து நோட்டைக் கேட்டு, பெயரில் விட்டுப்போன ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போனார்.